கோடு வேண்டாம் என்ற நூருக்கு

என் நூரு புள்ளைக்கு,

நீ இல்லாமல் ஒரு தீபாவளி சீசன் முடிந்தேவிட்டது. அடுத்த சீசனுக்கு ஆர்டர் வர ஆரம்பித்தாயிற்று. எம். புதுப்பட்டியில் காலையில் கம்பெனி வேன்கள் வழக்கம்போல ஆரன் அடிக்கின்றன. என் அம்மா வேலையை விட்டு நாளாகிவிட்டது. இருந்தாலும் ஆரன் சத்தம் கேட்டதும் அவள் கை தூக்குச்சட்டியைத் தேடுகிறது.

போன வாரம் சின்ன அண்ணாச்சி போன் செய்தார். அம்மா வேலை பார்த்த பட்டாசு கம்பெனி முதலாளியின் மகன். இப்போது எல்லாம் அவர் பொறுப்பில்தான். "அக்கா, ஆபீஸ் சுவத்துல இருக்க அந்த முள்ளு டயலைக் கழத்திரலாம்னு இருக்கோம். நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். நீயும் நானும் சேர்ந்து செய்த டயல். போனை வைத்ததும் என் விரல் உன் நம்பரைத் தேடிப் போய்விட்டது. இந்தப் பழக்கம் எப்போது நிற்கும் நூரு?

போனேன். என்ன நடந்தது என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் பழசை எல்லாம் ஒருதரம் உன்னோடு பேசிக்கொள்கிறேன். அதைப் பேச எனக்கு இப்போது வேறு ஆள் இல்லை.

விருதுநகரில் காலேஜ் விட்டதும் நாம் ஏறும் சிவகாசி பஸ் ஞாபகம் இருக்கிறதா? நீ சிவகாசியில் இறங்கி வீட்டுக்கு நடந்துவிடுவாய். நான் அங்கே இன்னொரு பஸ் பிடித்துப் புதுப்பட்டி போக வேண்டும். உங்க அத்தாவுக்குக் காகித வியாபாரம். காலண்டர் சீசனில் உன் பையைத் திறந்தால் புதுக் காகித வாசனை அடிக்கும். என் பையில் என்ன வாசனை என்று கேட்டேன். பட்டாசு மருந்து வாசனை என்று பொய் சொல்லாமல் சொன்னாய். அன்றைக்குத்தான் நாம் சிநேகிதிகள் ஆனோம் என்று நினைக்கிறேன்.

கடைசி வருசம். வகுப்பில் ஃபஸ்ஸி லாஜிக் நடத்தினார்கள். வாத்தியார் புத்தகத்தை வாசித்தார், நாம் எழுதிக்கொண்டோம். எனக்கு ஒரு எழுத்தும் ஏறவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வரும்போது நீ கேட்டாய்.

"ஏ மாரி, இப்ப இந்த பஸ்ல கூட்டமா, இல்லையா?"

நிற்க இடமில்லாமல் நசுங்கிக்கொண்டிருக்கிறேன், இது ஒரு கேள்வியா என்றேன். ஆமத்தூரில் ஒன்றிரண்டு பேர் இறங்கினார்கள். இப்போது என்றாய். கூட்டம்தான் என்றேன். அடுத்து ஒரு பெரியவர் இறங்கினார். இப்போது? அப்போதும் கூட்டம்தான். இப்படியே ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்டுக்கொண்டு வந்தாய். திருத்தங்கலில் நமக்கு உட்கார இடம் கிடைத்தது. கூட்டம் இல்லை என்று நானே சொன்னேன்.

"எந்த ஆள் எறங்குனதும் கூட்டம் போச்சு? அந்த ஆளைக் காட்டு பாப்போம்."

இறங்கியவர்களை ஒவ்வொருவராக விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நீ சீட்டில் கால் மடக்கி உட்கார்ந்துகொண்டு சொன்னாய்: "கம்ப்யூட்டரைக் கேட்டா காட்டிரும். அதுக்குத் தெரிஞ்சது ரெண்டுதான், ஒண்ணு இல்லேன்னா சைபர். இம்புட்டுப் பேருக்கு மேல கூட்டம், ஒரு ஆள் கொறஞ்சாலும் கூட்டம் இல்லைன்னு கோடு போட்டாத்தான் அதுக்கு வேலை ஓடும். நம்ம அப்படியா பேசுறோம்? கொஞ்சம் கூட்டம், நல்ல கூட்டம், நெருக்கித் தள்ளுதுன்னு பேசுறோம். அந்தப் பேச்சையே கணக்காக்கிட்டா? ஆமத்தூர்ல இந்த பஸ்ஸு கூட்டம்ங்கிற வார்த்தைக்குப் பத்துக்கு எட்டு பொருந்துச்சு. இங்கன பத்துக்கு மூணு பொருந்துது. அவ்வளவுதான் புள்ள."

அப்படியென்றால் கணக்கே கொழகொழவென்று ஆகிவிடுமே என்று நான் கேட்டதற்கு நீ சொன்ன பதில்தான் இன்றுவரை எனக்குப் பாடம். கொழகொழவென்று இருப்பது நம்முடைய பேச்சு, கணக்கு கறாராகத்தான் இருக்கிறது, எவ்வளவு கொழகொழப்பு என்பதைக் கறாராகச் சொல்வதுதான் அதன் வேலை என்றாய்.

அந்த வாரம்தான் கம்பெனி மணி கதையை உன்னிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அம்மா வேலை பார்த்த இடத்தில் வெப்பம் ஒரு அளவைத் தாண்டினால் அடிக்கிற மாதிரி ஒரு மணி வைத்திருந்தார்கள். சித்திரை வெயிலில் அது அடிக்கும். எல்லாரும் வேலையை விட்டு வேப்பமரத்தடிக்கு வருவார்கள். ஒரு மேகம் கடந்து போகும், மணி நின்றுவிடும். எல்லாரும் உள்ளே போய் உட்காருவார்கள், மறுபடி அடிக்கும். போர்மேன் குருசாமி அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் வயரைப் பிடுங்கிவிட்டார்.

நீ சிரிக்கவில்லை. சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் அப்படியே நின்றாய்.

"மணி கெட்டுப் போகல மாரி. கோடுதான் தப்பு. அத எங்கன போட்டாலும் தப்பாத்தான் இருக்கும். இப்ப அங்கன மணியும் இல்ல. உங்க அம்மா உள்ள இருக்காக."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து அந்தப் பயத்தோடு இருந்ததால் அது பயம் என்றே எனக்குத் தெரியாமல் போயிருந்தது. வெளியில் இருந்து வந்த நீ அதற்குப் பேர் வைத்தாய்.

அதையே நம் புராஜெக்டாக எடுத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ புதுப்பட்டிக்கு வருவாய். அம்மா உனக்கென்று முட்டைக் குழம்பு வைப்பாள். சாப்பிட்டுவிட்டு, தெருவில் கம்பெனிக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பாய்: உங்களுக்கு எப்போது 'சூடு' என்று தோன்றும்? தரை சுட்டால்தான் சூடு என்றாள் அம்மா. குருசாமி அண்ணன் தனக்குச் சூடு என்றே எப்போதும் தோன்றியதில்லை என்றார். பிள்ளைத்தாச்சியாக இருந்த ஒரு பெண், காலையில் வேனில் ஏறும்போதே சூடுதான் என்றாள். ஒன்றுக்கொன்று ஒத்தே வரவில்லை. யார் சொல்வதை எடுத்துக்கொள்வது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

எல்லார் சொல்வதையும் என்றாய் நீ. யாருமே சூடு என்று சொல்லாத இடத்தில் சைபர். எல்லாருமே சொல்கிற இடத்தில் ஒன்று. நடுவில் எத்தனை பேர் சொல்கிறார்களோ அந்த அளவு. ஊரில் கருத்து வேற்றுமை இருந்தால் நல்லதுதான், நமக்கு வளைவு அழகாக வரும் என்று சிரித்தாய். நீ வரைந்த அந்தச் சாய்ந்த கோடுகளைப் பார்த்து அம்மா ஆனைக்குட்டம் டேம் கரை மாதிரி இருக்கிறது என்றாள்.

வெயில் மட்டும் ஆபத்து இல்லை என்று அவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. வெள்ளிப் பொடி என்கிற அலுமினியப் பொடி கலந்த மருந்து முந்தின நாள் மிச்சம் இருந்து, அதில் காற்று ஈரமும் சேர்ந்தால், அது தானாகவே உள்ளுக்குள் சூடாகும். மிச்சம் வைக்கக் கூடாதுதான். சீசன் நெருக்கத்தில் எல்லாமா நடக்கிறது? மணிக்கு ஈரம் தெரியாது, மிச்சம் தெரியாது. நாம் எழுதிய விதிகள் எல்லாம் வீட்டில் பேசுகிற பேச்சு மாதிரியே இருந்தன. காற்று காய்ந்து வெயிலும் கூடினால் ஆபத்து கூடுதல். காற்று ஈரமாக இருந்து மருந்தும் மிச்சம் இருந்தால் ஆபத்து ரொம்பக் கூடுதல். ரெண்டும் நடுத்தரம் என்றால் கொஞ்சம். ஒரு விதி பேசும்போது மற்றது வாயை மூடிக்கொள்ளாது. அன்றைய நிலைமைக்கு எது எவ்வளவு பொருந்துகிறதோ அந்த அளவுக்கு அது பேசும். எல்லாப் பேச்சையும் சேர்த்துக் கடைசியில் ஒரே ஒரு பதில். அந்தப் பதில்தான் முள் நிற்கிற இடம். மிச்சம் எவ்வளவு என்பதை மட்டும் குருசாமி அண்ணன் காலையில் டயலில் இருக்கும் ஒரு திருகைத் திருகிச் சொல்ல வேண்டும்.

டயலின் முகப்பை உங்க அத்தாவுக்குப் பழக்கமான அச்சகத்தில் அடித்தோம். பச்சை, மஞ்சள், சிவப்பு. எந்த இடத்தில் கோடு போட்டுப் பிரிக்க என்று அங்கே இருந்தவர் கேட்டார். கோடே வேண்டாம், ஒன்று இன்னொன்றுக்குள் கரைந்து போக வேண்டும் என்றாய். அப்படி அடித்தால் மிஷின் கோளாறு என்று நினைப்பார்களே என்று அவர் ரொம்ப வருத்தப்பட்டார்.

புரட்டாசியில் அந்த மத்தியானம் வந்தது. படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்தோம். கம்பெனியில் மாட்டிய நம் டயல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் போயிருந்தோம். மருந்து அறைகளில் மின்சாரம் கூடாது என்பதால் அதை ஆபீஸ் சுவரில்தான் வைத்திருந்தார்கள். மழை பெய்து விட்டிருந்தது. காற்று குளுகுளுவென்று வீசியது. முள் மஞ்சளைத் தாண்டிச் சிவப்புப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. வெளியில் லாரி லோடுக்காக நின்றது. என் அம்மா மருந்து அறையில் இருந்தாள்.

முதலாளி பெரிய அண்ணாச்சி டயலையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்தார். உடம்பே குளிர்ந்து கிடக்கிறது, இது ஆபத்து என்கிறதே, அதையும் முழுசாகச் சொல்லாமல் பாதியில் நிற்கிறதே, விபத்து நடக்கிறதுக்குப் பாதி வாய்ப்பு என்று அர்த்தமா என்று கேட்டார்.

"இல்லைங்க அண்ணாச்சி. நாளைக்கு மழை வருமான்னு கேக்குறது வேற. இப்ப பெய்றது தூறலா, மழையான்னு கேக்குறது வேற. இது ரெண்டாவது. நடக்குமா நடக்காதான்னு எனக்குத் தெரியாது. இப்ப உள்ள நெலமை ஆபத்துங்கிற வார்த்தைக்குப் பாதிக்கு மேல பொருந்திருச்சு. அதத்தான் முள்ளு சொல்லுது."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப பாதி ஆபத்துன்னா பாதி வேலைய ஓட்டலாம்லம்மா?"

கேலியாகத்தான் கேட்டார். நீ முகம் மாறாமல், "ஓட்டலாம் அண்ணாச்சி" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ மேலே சொன்னாய்: "மருந்து ரூம்ல இருக்கவுகள மட்டும் வெளிய வரச் சொல்லுங்க. பேக்கிங் ஓடட்டும், லோடும் ஏறட்டும். முள்ளு எறங்கட்டும், அப்புறம் உள்ள போகட்டும்."

 எல்லாத்தையும் நிறுத்துங்கள் என்று சொல்லியிருந்தால் நம்மைத்தான் நிறுத்தியிருப்பார். முடியவே முடியாத ஒன்றைக் கேட்காமல், முடிகிற ஒன்றைக் கேட்டாய். அண்ணாச்சி குருசாமி அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தார். அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, நம்மைப் பார்த்ததும் "சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள்.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எதுவும் வெடிக்கவில்லை. குருசாமி அண்ணன் அறையைச் சாத்தும்போது, மிச்ச மருந்து இருந்த பாத்திரத்தின் வெளிப்பக்கம் கை பட்டு, வெதுவெதுப்பாக இருக்கிறது என்றார். அதைக் காலி நிலத்துக்குக் கொண்டுபோய் முறைப்படி அழித்தார்கள். முன்னால் அடித்த வெயிலில் சுட்டிருக்கும் என்று அண்ணாச்சி சொன்னார். வெயில் படாத மூலையில்தான் இருந்தது என்று குருசாமி அண்ணன் சொன்னார். இன்றுவரை அது முடிவாகவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். தான் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்ததாக மட்டும் சொல்லிவிட்டு உலைக்கு அரிசி களையப் போனாள்.

நடக்காத ஒன்றை எதைக் காட்டி நிரூபிப்பது என்று நான் புலம்பினேன். நிரூபிக்க வேண்டாம், உங்க அம்மா அரிசி களைகிறாள் அல்லவா என்றாய்.

அந்த வருசத்திலிருந்து நம் வாழ்க்கை வேறு வேறு பக்கம் போனாலும் அந்தச் சுவர் நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மழைக்காலத்தில் முள் பச்சையிலேயே அசையாமல் நின்றுவிட்டது. காற்றின் ஈரத்தை அளக்கிற கருவிக்குள் எறும்பு புற்று வைத்திருந்தது. முள் நகரவே மாட்டேன் என்கிறதே என்று குருசாமி அண்ணன் சந்தேகப்பட்டுக் கூப்பிட்டதால் தப்பித்தோம். நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். நீ பெயிண்ட் வாங்கி வந்து டயலுக்குக் கீழே உன் கையால் எழுதினாய்: 'முள் சொல்வதும் ஆள் சொல்வதும் ஒத்து வராவிட்டால், கூடுதலாகப் பயப்படுகிறவர் பேச்சைக் கேட்கவும்.' அதையும் ஒரு விதியாகச் சேர்த்துக்கொள் என்றாய்.

உனக்கு வாஷிங் மெஷின் வாங்கக் கடைக்குப் போனோமே, அதில் ஃபஸ்ஸி லாஜிக் என்று ஒட்டியிருந்தது. அப்படி என்றால் என்ன என்று தெரியாத மாதிரி கேட்டாய். ஃபஸ் என்றால் பிசிறு, அது துணியில் வராமல் பார்த்துக்கொள்ளும் என்றார் விற்கிறவர். வெளியே வந்து நீ சிரித்த சிரிப்பில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். துணி எவ்வளவு கனம், தண்ணீர் எவ்வளவு அழுக்கு என்று பார்த்து, கொஞ்சம், நடுத்தரம், ரொம்ப என்று எடை போட்டு, அதற்குத் தக்கபடி தண்ணீரும் நேரமும் வைக்கிறது. குக்கரில் சோறு குழையாமல் இருப்பதற்கும், ரயில் குலுங்காமல் நிற்பதற்கும்கூட அதே கணக்குதான். இதைச் சொன்னால் விற்பனை கூடுமே என்று அவரிடம் திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாய்.

நீ கடைசியாகப் படுத்திருந்த மதுரை ஆஸ்பத்திரியை நினைக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. வலி எவ்வளவு என்று காட்ட, நர்ஸ் முகங்கள் வரைந்த ஒரு அட்டையை நீட்டினாள். சிரிக்கிற முகத்தில் ஆரம்பித்து அழுகிற முகம் வரைக்கும். நீ அதை வாங்கி என்னிடம் காட்டி, "பாத்தியா, இங்கனயும் நம்ம கணக்குதான் ஓடுது" என்றாய். அந்த நிலையிலும் உன் கண் மின்னியது. என்னிடமும் உங்க அம்மாவிடமும் நீ காட்டியது நடுவில் இருந்த முகத்தை. நாங்கள் வெளியே போன பிறகு வேறு முகத்தைக் காட்டுவாய் என்று நர்ஸ் பிறகுதான் சொன்னாள். ஏன் நூரு? எங்களுக்குத் தாங்காது என்று நினைத்தாயா? தாங்காதுதான். இருந்தாலும் சொல்லியிருக்கலாம்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். சின்ன அண்ணாச்சி மரியாதையான பிள்ளை. டீ வரவழைத்துக் கொடுத்தார். புதிதாக விளக்கு வைக்கப் போகிறார்களாம். பச்சை எரிந்தால் வேலை, சிவப்பு எரிந்தால் நிறுத்தம். பார்க்கிறவனுக்குக் குழப்பமே இருக்காது என்றார். குழப்பம் இருக்காதுதான், யோசனையும் இருக்காதே தம்பி என்றேன்.  நீ இருந்திருந்தால் ஒரு பஸ்ஸையோ மழையையோ இழுத்து வந்து அவரை மடக்கியிருப்பாய். நான் டயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயிலில் நிறம் வெளுத்திருந்தது. உன் எழுத்து மட்டும் கறுப்பாக அப்படியே இருந்தது.

பேசியது குருசாமி அண்ணன்தான். தலை நரைத்துவிட்டது, இன்னும் அவர்தான் போர்மேன். "தம்பி, பச்சை வெளக்கு எரிஞ்சா நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். முள்ளு இருந்தா, எந்தப் பக்கமா நகருதுன்னு காலையில இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன். செவப்பு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்ல."

சின்ன அண்ணாச்சி எழுந்து போய் டயலின் முன்னால் நின்றார். தன் அப்பா தினமும் கம்பெனிக்குள் நுழைந்ததும் சாமி படத்தைப் பார்க்கும் முன்பே இதைத்தான் பார்ப்பார் என்று மெல்லச் சொன்னார். கடைசியில் இப்படி முடிந்தது: விளக்கு வெளியாட்களுக்காக வாசல் கேட்டில் இருக்கட்டும். முள் உள்ளே இருக்கும். முகப்பைப் புதிதாக அடித்துத் தரச் சொல்லியிருக்கிறார். இன்னொரு கம்பெனிக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டுமாம். நாம் கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. நீ இதற்குச் சந்தோசப்பட்டிருப்பாய். எனக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல்.

நடந்ததை உங்க அம்மாவிடம் சொல்லலாம் என்று சிவகாசியில் இறங்கி உன் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. ஞாபகமும் வந்து வந்து போகிறது. நீ இல்லை என்பது சில நாள் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை. நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் உள்ளே இருந்து, "நூரு, வந்துட்டியா? எம்புட்டு நேரமாக் காத்துக் கெடக்கேன்" என்றார்கள்.

வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். மாரி வந்திருக்கேம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். உன் அண்ணன் மனைவி கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். போன முறை உண்மையைச் சொல்லி, அம்மா அன்றைக்கு முழுவதும் புதிதாகக் கேட்டது மாதிரி அழுதார்களாம்.

"வந்துட்டேம்மா" என்றேன்.

கிட்டே போய் உட்கார்ந்தேன். கையைத் தடவிப் பார்த்தார்கள். வளையல் இல்லாத கை, உன்னுடையது மாதிரி இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததா, தெரியவில்லையா, நான் கேட்கவில்லை. முதலாளி என்ன சொன்னார் என்று விசாரித்தார்கள். நடந்ததை எல்லாம் உன் வாயால் சொல்வது மாதிரி சொன்னேன். பாதியில் அம்மா என் தலையைக் கோதிவிட்டு, "மாரி நல்லா இருக்காளா? அவளையும் ஒருநா கூட்டிட்டு வா" என்றார்கள்.

கூட்டிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன் நூரு. வெள்ளிக்கிழமைதோறும் போவேன். அவர்கள் உன் பேரைச் சொன்னால் உனக்காகப் போய் உட்காருவேன், என் பேரைச் சொன்னால் எனக்காக. எந்தப் பேர் வாயில் வந்தாலும் அந்த வீட்டில் பதில் இல்லாமல் இருக்காது. இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்க அம்மாவுக்கு இன்னொரு மகள்,
மாரீஸ்வரி